பின்சக்கரம் தரை தொடவில்லை

இறக்கிவிட வேண்டியதுதான் என்று படியில் வரும்போதே முடிவாகிவிட்டது. ஆனால் முடிவெடுத்ததை எல்லாம் செய்துவிடுகிற மனுஷராக உலகநாதன் என்றைக்கு இருந்தார்? கீழே வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிகள் நிறுத்தும் தளத்தின் முதல் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குடியிருப்பு முழுக்க உண்டு முடித்துப் படுத்திருந்த நேரம், மேலே எங்கோ ஒரு வீட்டில் மட்டும் பாத்திரம் துலக்குகிற சத்தம். நாளைக்குக் காலையில் தளத்துக்கு ஓடு பதிக்க ஆட்கள் வருகிறார்கள், இன்றைக்குள் எல்லாரும் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று சங்கச் செயலாளர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவரவர் எடுத்துவிட்டார்கள். தளம் துடைத்து வைத்த மாதிரி காலியாகக் கிடந்தது, எண்ணெய்க் கறைகள் மட்டும் அங்கங்கே. நடுவில் அவருடைய மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்று, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, பின்சக்கரம் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் அந்தரத்தில். போன ஆடி மாதத்தில் ஏற்றி வைத்தது. இப்போது மாசி பிறந்துவிட்டது. மற்ற வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றவரைக்கும் அது ஒரு ஓரத்து விஷயமாக இருந்தது. தினமும் ஸ்கூட்டரை எடுக்க வரும்போது பார்க்காமல் போய்விட முடிந்தது. இப்போது பார்க்காமல் இருக்க வேறொன்றுமே இல்லை. வாட்ச்மேன் சுடலைமுத்து கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்தபடியே, “ஒங்க வண்டி மட்டுந்தான் பாக்கி அண்ணாச்சி, நான் வந்து ஒரு கை பிடிக்கட்டா?” என்று கேட்டார். “வேண்டாம், பொண்ணு வாரா” என்றார் உலகநாதன். பொண்ணு வருகிறாள் என்பது பாதி உண்மை. வெளியூரிலிருந்து வந்திருந்த பார்கவி மேலே தலை துவட்டிக்கொண்டிருந்தாள், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவள் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவர் முன்னாலேயே இறங்கி வந்திருந்தார். எந்த முடிவுக்கு என்பதுதான் தெரியவில்லை.

கிட்டப் போனார். முதலில் தூசிதான் கண்ணில் பட்டது. டேங்கின் மேல், சீட்டின் மேல், மீட்டர் கண்ணாடியின் மேல் எல்லாம் விரலால் பேர் எழுதலாம் போலத் தூசி. சிலந்தி ஒன்று பின்சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் வலை பின்னி, அது தூசி பிடித்து, சிலந்தியும் வேறிடம் போய்விட்டிருந்தது. இப்போது வருகிற வண்டிகளுக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. அந்தக் காலத்து வண்டி என்றால் காலால் ஒரு மிதி மிதித்துப் பின்னால் இழுத்தால் சிங்கம் மாதிரி நிமிர்ந்து நிற்கும், ஒத்தை ஆள் போதும். இது சைடு ஸ்டாண்டோடு மட்டும் பிறந்த ஜாதி. சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட வேண்டுமானால் பின்சக்கரம் சுற்ற வேண்டும், சக்கரம் சுற்ற வேண்டுமானால் அது தரையை விட்டு எழும்ப வேண்டும், அதற்காக வாங்கியதுதான் இந்த இரும்புக் கவட்டை. பேடாக் ஸ்டாண்டு என்று பேர். இரண்டு கை, இரண்டு சின்ன உருளை, பின்னால் நீளமாக ஒரு பிடி. இரண்டு கையையும் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கொடுத்துப் பிடியைத் தரையோடு அழுத்தினால் வண்டியின் பின்புறம் மேலே ஏறிவிடும். ஏறி உட்கார்ந்த பிறகு பயமில்லை. ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் கண்டம். அந்த நேரத்தில் வண்டி இரண்டு பக்கமும் சாயும், ஒருத்தர் அதை நேராகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கும்போதும் அப்படித்தான். பிடிக்கிறவர் இடது பக்கம் நிற்பார், ஒரு கை ஹேண்டில் பாரின் இடது பிடியில், ஒரு கை சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியில். அழுத்துகிறவர் பின்னால் குந்தியிருப்பார். அழுத்துகிறவர் உலகநாதன். பிடிக்கிறவள் அவர் மனைவி வடிவு. அவர் பார்வை இடது பிடிக்குப் போனது, போன இடத்திலேயே நின்றது. அதில் தூசி இல்லை. கறுப்பு ரப்பர் பளிச்சென்று, இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி இருந்தது. வலது பிடியைப் பார்த்தார். சாம்பல் பூத்த மாதிரித் தூசி. திரும்பவும் இடது பிடி. பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, பின்னால் இருந்த கம்பியைப் பார்த்தார். ஒரு கை அளவுக்கு அது மட்டும் துடைத்த மாதிரி இருந்தது.

பிள்ளைகள். பிள்ளைகள்தான், வேறென்ன. இரண்டாம் மாடிப் பையன்கள் ஒளிந்து விளையாடுகிறபோது பிடித்துத் தொங்கியிருப்பார்கள். தொங்கினால் இரண்டு பக்கமும் தொங்க மாட்டார்களா? இடது பக்கம்தான் கேட்டைப் பார்த்த பக்கம், அதனால் இருக்கும். இல்லையென்றால் சுடலைமுத்து துடைத்திருப்பார். துடைக்கிற மனுஷர் இரண்டு இடத்தை மட்டும் துடைத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விடுவாரா? கேட்டுவிடலாம். பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், “நான் தொடலையே அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு இந்தத் தளத்தில் கால் வைக்க முடியாது. கேட்காமல் இருக்கிறவரைக்கும் பிள்ளைகள்தான் தொங்கினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இத்தனை காலம் மற்றவர்களைக் கேலி பண்ணியவர் அவர். கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை, ஊசல் ஏன் ஆடுகிறது என்று தெரியும், நெம்புகோல் எப்படித் தூக்குகிறது என்று தெரியும். சுடலைமுத்துவோ போன மாதம், கேட்காமலேயே, ஒரு விஷயம் சொல்லியிருந்தார். தெரு நாய்கள் மத்தியானம் இந்தத் தளத்தில் வந்து படுக்கும், எந்த வண்டிக்கு அடியில் வேண்டுமானாலும் படுக்கும், இதற்கு அடியில் மட்டும் படுக்காதாம். இடது பக்கமாக வந்தால் சுற்றிக்கொண்டு போகுமாம். “ஆள் நின்னா ஒதுங்கிப் போகுமே, அது கணக்கா” என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்றைக்கு உலகநாதன் சிரித்துவிட்டுத்தான் மாடி ஏறினார். ஏறி, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வெகுநேரம் வாளியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

சரி, இறக்குவதற்கு முன்னால் சங்கிலியையாவது துடைத்துவிடலாம். அதற்காக ஏற்றியது, அந்த வேலை முடியவே இல்லை. இது நல்ல சாக்கு. வேலை பாதியில் கிடக்கும்போது இறக்கினால் திரும்பவும் ஏற்ற வேண்டியிருக்கும், யார் பிடிப்பது? மண்ணெண்ணெய்ப் புட்டியும் பழைய துணியும் தூணுக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டியில் அப்படியே இருந்தன. அன்றைக்கு அவர் வைத்த இடத்தில். பின்னால் போய்க் குந்தினார். முட்டி மடக்கென்றது. குந்தியதும் பழைய பழக்கத்தில் தலை இடது பக்கமாகச் சாயப் பார்த்தது, பிடித்து நிறுத்திக்கொண்டார். ஏனென்றால் இந்த இடத்தில் குந்தினால் எதிரே சக்கரமும் சங்கிலியும்தான் தெரியும், பிடிப்பவரின் முகம் தெரியாது, இடது பக்கமாகக் கொஞ்சம் குனிந்தால் வண்டிக்கு அடியில் அவளுடைய பாதங்கள் மட்டும் தெரியும். நீல ரப்பர் செருப்பு, மெட்டி, சேலையின் ஓரம். இத்தனை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வடிவு என்றால் அவருக்கு அந்த இரண்டு பாதங்கள்தான். பேச்சு மேலிருந்து வரும், பாதம் கீழே நிற்கும். கால் மாற்றி மாற்றி நிற்பாள். “கால் கடுக்குதுங்க, சீக்கிரம் ஆகட்டும்” என்பாள். அவர் இப்போது தலையை நிமிர்த்தி, சக்கரத்தின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, துணியைச் சங்கிலியில் வைத்துச் சக்கரத்தைத் தள்ளினார். கர்ரென்று ஒரு முனகல், பிறகு மெதுவாகச் சுற்றியது. துரு. சிலந்தி வலை அறுந்து துணியில் ஒட்டிக்கொண்டது. சிவப்புக் கண்ணி எங்கே? சங்கிலி என்றால் எங்கே ஆரம்பித்தோம், எங்கே முடித்தோம் என்று தெரியாது, எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி. அதனால் வடிவுதான் தன் நகப்பூச்சை எடுத்து வந்து ஒரே ஒரு கண்ணிக்குச் சிவப்புப் பூசிவிட்டாள். அது திரும்பி வந்தால் ஒரு சுற்று. “இது தெரியாம இம்புட்டு நாளா ஒரே எடத்தத் தொடச்சிக்கிட்டு இருந்திருக்கிய” என்று சிரித்தாள். உண்மைதான், இருந்திருப்பார். சக்கரத்தைத் தள்ளினார், துடைத்தார், தள்ளினார். கறுப்புக் கண்ணி, கறுப்புக் கண்ணி. சிவப்பு வரவில்லை.

ஸ்டாண்டு வாங்கிய அன்றைக்குக் கடையில் மூன்று விதம் காட்டினார்கள். மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், பட்டுச்சேலையோடு வடிவு அந்தக் கடைக்குள் வந்து நின்றாள், கிரீஸ் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு. ஒன்று, சின்னக் கம்பி, சைடு ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைக் கொஞ்சமாகத் தூக்குவது. அவசரத்துக்கு ஆகும், அசைத்தால் விழும். இரண்டாவது இந்தக் கவட்டை. மூன்றாவதுதான் கடைக்காரர் பெருமையாக இழுத்து வந்து காட்டியது, பக்கவாட்டில் வண்டியின் நடு அச்சில் மாட்டிக்கொண்டு கைப்பிடியைச் சாய்த்தால் முழு வண்டியையும் அப்படியே தூக்கி நிறுத்திவிடும், அந்த நிலையில் தள்ளிக்கொண்டு கூடப் போகலாம். “ஒத்த ஆளே போதும் சார், யாரும் பிடிக்க வேண்டாம்.” வடிவு உடனே, “இதையே வாங்குவோமே” என்றாள். அவருக்கு என்னவோ அது பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்குகிற சாமான் மாதிரி இருந்தது என்று பிறகு ஒரு காரணம் சொன்னார். அங்கே சொன்னது வேறு. “ஒத்த ஆளுக்கு என்னத்துக்கு? நீதான் இருக்கியே.” கடைக்காரர் சிரித்தார். வடிவும் சிரித்துக்கொண்டே, “நான் இல்லாத அன்னைக்கு என்ன செய்விய?” என்றாள். “அன்னைக்குச் சங்கிலி எண்ணெ இல்லாமக் கெடக்கும். என்ன, கெட்டா போயிரும்?” அம்மா வீட்டுக்குப் போகிற நாளைத்தான் இரண்டு பேரும் நினைத்தார்கள். அதில் சந்தேகமே இல்லை, அவளும் அதைத்தான் நினைத்தாள். எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அந்தப் பேச்சில் வேறு எதுவும் இல்லை. ஆனால் திருப்பிப் போடுவதும் நிற்கவில்லை. கறுப்புக் கண்ணி, கறுப்புக் கண்ணி. இவ்வளவு நேரத்துக்கு ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும். நகப்பூச்சு உதிர்ந்திருக்கும், ஏழு மாதத் துருவில் அது எங்கே தாங்கும்? உதிர்ந்திருந்தால் அவர் எங்கே ஆரம்பித்தார் என்று இனிமேல் யாருக்குமே தெரியாது.

வண்டி ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்ததும் வடிவு கேட்பாள், “விடட்டா?” அவர் பார்த்துவிட்டு, “விடு” என்பார். அதற்குப் பிறகுதான் கையை எடுப்பாள். ஆரம்பத்தில் ஒரு தடவை அவர் சொல்வதற்கு முன்னால் எடுத்துவிட்டாள், வண்டி வலப்பக்கமாகச் சரிந்து அவர் தோளில் விழுந்தது. அன்றைக்குப் போட்ட ஒப்பந்தம். அவர் வாயால் “விடு” என்று வராமல் அவள் கையை எடுக்க மாட்டாள். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு சுவாரஸ்யத்தில் அவர் மறந்தே போக, அவள் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிய வாடை படி வழியாக இறங்கி வந்தது, அப்போதும் விடவில்லை. “நீங்க சொல்லலையே” என்றாள். கேலிக்குத்தான். ஆனால் விடவில்லை. இங்கேதான் நினைப்பு வந்து மாட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில். அன்றைக்கு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வண்டி ஏறிவிட்டது. “விடட்டா?” என்று கேட்டாள். அது காதில் இருக்கிறது, இப்போது கூடக் கேட்கிறது. அவர் சங்கிலியைப் பார்த்தார், தொளதொளவென்று தொங்கியது, “கொஞ்சம் பொறு” என்றார். அதுவும் நினைவிருக்கிறது. பிறகு ஸ்பானர் எடுக்கத் தூணுக்குப் பின்னால் போனார். சரியான அளவு கிடைக்கவில்லை, பெட்டியைக் கிளறினார். வாயால் என்னவோ முணுமுணுத்தார், அந்த ஸ்பானரைத் திட்டினார். திரும்பி வந்தபோது வண்டி நின்றது, அவள் இல்லை. மாடிக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். போயும் இருந்தாள், முதல் வளைவு வரைக்கும். படியின் வளைவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே இருந்தாள், கண் திறந்திருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வலி கூடத் தெரிந்திருக்காது என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒருத்தர் கூட அவர் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. “விடு” என்று சொன்னாரா? ஸ்பானரைத் தேடும்போது போகிற போக்கில் சொல்லியிருக்கலாம். பழகிய வாய், சொல்லியிருக்கும். பழகிய வாய் சொன்னதெல்லாம் நினைவில் இருக்குமா என்ன? ஆனால் “பொறு” நினைவிருக்கிறதே. “பொறு” நினைவிருக்கிறபோது “விடு” ஏன் நினைவில்லை? சொல்லவில்லை என்றால் அவள் விட்டிருக்க மாட்டாள். விடாமல் எப்படி மாடிக்குப் போனாள்? சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால், படியில் உட்கார்ந்தது எதுவோ, இங்கே நின்றுகொண்டிருப்பது எதுவோ. இந்த இடத்துக்கு வந்ததும் கழுத்துக்குப் பின்னால் ஈரத்துணியைப் போட்ட மாதிரிச் சில்லிடும், அவர் எழுந்து போய் டிவியைப் போட்டுவிடுவார். இங்கே டிவி இல்லை. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டிருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியாக எப்போது தள்ளினார்?

கையை வைத்து நிறுத்தினார். எண்ணெய் பட்டதும் லேசாகியிருக்கும், ஒரு தள்ளு தள்ளினால் கொஞ்ச நேரம் சுற்றத்தான் செய்யும், அதில் என்ன அதிசயம்? கண்ணைத் தாழ்த்தினார். சக்கரத்துக்கு நேர் கீழே, தரையில், ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது. கறுத்துச் சுருங்கி, கொட்டைப்பாக்கு மாதிரி. ஆயுத பூஜைக்குச் சுடலைமுத்து எல்லா வண்டிக்கும் சந்தனம் வைத்துச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தவர், துக்க வீட்டு வண்டிக்கு வருஷம் திரும்புகிறவரைக்கும் பூஜை கிடையாது என்பதை மறந்து இதற்கும் வைத்துவிட்டார். பிறகு யாரோ சொல்லி, பதறிப்போய் மாடிக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அதனால் என்ன, போகட்டும் என்றார் உலகநாதன். மற்ற வண்டிகள் எல்லாம் அன்றைக்கே பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டன. இதற்கு நசுக்கச் சக்கரம் தரையில் இல்லையே. வைத்தது வைத்தபடி இத்தனை மாதம், எறும்பு கூட மொய்க்காமல், காத்துக்கொண்டு கிடந்தது. தளத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பார்கள், பெருக்கியிருப்பார்கள், எப்படி உருளாமல் இருந்தது? அப்போதுதான் அவருக்கு வேறொன்றும் தெரிந்தது. தளம் கால்வாயை நோக்கிச் சரிவு. ஸ்டாண்டின் உருளைகளுக்கு அவர் கல் வைக்க மறந்திருந்தார். அன்றைக்கு அதற்குள்தான் எல்லாம் நடந்துவிட்டதே. சரிவில், கல் இல்லாமல், ஏழு மாதம், வண்டி ஒரு விரற்கடை கூட நகரவில்லை. யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி என்று மனம் சொல்ல வந்தது, அவர் சொல்ல விடவில்லை. சொல்ல விடாமல் இருக்க சக்கரத்தைத் தள்ளினார். கறுப்புக் கண்ணிகளுக்கு நடுவில் சிவப்புக் கண்ணி வந்து நின்றது. துரு இல்லை, கறை இல்லை, உதிரவில்லை. கொஞ்சம் முன்னால் பூசி உலர்ந்த மாதிரி இருந்தது.

பயம்தான் முதலில் வந்தது, அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் முட்டி மடங்கிக் குந்தியிருக்கிற ஆள் நினைத்த மாத்திரத்தில் எழுந்துவிட முடியுமா? முட்டி வலி தெரிந்தது. தன் முட்டி வலி தெரிந்த அந்த நேரத்தில்தான், இத்தனை மாதத்தில் ஒரு தடவை கூடத் தோன்றாத ஒன்று தோன்றியது. கால் கடுக்குமே. அவர் இத்தனை நாளும் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார், தான் சொன்னோமா, தான் சொல்லவில்லையா, தன் பக்கத்தில் நிற்பது என்ன, தன்னை அது என்ன செய்யும். நிற்கிறது என்றே வைத்துக்கொண்டால், நிற்பவளுக்குக் கால் கடுக்குமே. கொஞ்ச நேரம் நின்றாலே கால் மாற்றி மாற்றி நிற்பவள். மழைக்காலத்தில் குதிகால் வெடித்து வலிக்கும், ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துக்கொண்டு உட்காருவாள். அந்தக் காலோடு ஐப்பசி முழுக்க, தளத்தில் தண்ணீர் தேங்கிய நாளெல்லாம், இங்கேயா? ஒரு சொல்லுக்காகவா? அழுகை வந்துவிட்டது. சாவு வீட்டில் கூட இப்படி வரவில்லை. வண்டியை இறக்காமல் வைத்திருந்தது மறதியால் என்று ஊரை ஏய்த்தார், மனசு இல்லை என்று பெண்ணிடம் சொன்னார். நிஜம் இதுதான், இறக்கினால் போய்விடுவாள். நிற்கட்டும் என்று வைத்திருந்தார். பயந்துகொண்டே, ஆனால் நிற்கட்டும் என்று. பயமும் ஒரு துணைதான், வீட்டில் தனியாக இருப்பவனுக்கு. கைலி ஓரத்தால் கண்ணைத் துடைத்தபோது தலை தன்னால் இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பார்த்துவிட்டார். வண்டிக்கு அடியில் நீல ரப்பர் செருப்பு. அதில் இரண்டு பாதங்கள்.

“யப்பா” என்றது மேலிருந்து ஒரு குரல். “என்னப்பா, கூப்பிட்டுக்கிட்டே நிக்கேன், சக்கரத்தப் பாத்துக்கிட்டே இருக்கிய. அழுதியளா?” பார்கவி. அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், வாசலில் அதுதான் கிடந்ததாம். மெட்டி இல்லை, இப்போது தெரிந்தது. ஈரத் தலை, தோளில் துண்டு. கை இன்னும் வண்டியில் படவில்லை, பிடிக்கப் போகிற மாதிரி நீட்டியிருந்தாள். “அங்கன நிக்காத” என்றார் அவர், சத்தமாகவே. அவள் கை அப்படியே நின்றது. “இந்தப் பக்கம் வா. வலப்பக்கம் வந்து பிடி.” “சைடு ஸ்டாண்டு இந்தப் பக்கம்லா இருக்கு? அம்மா இங்கனதான நிப்பா?” “ஆமா. நீ வலப்பக்கம் நில்லு.” பெண் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியைச் சுற்றி, இடது பக்கத்தைக் கொஞ்சம் அகலமாகவே விட்டுச் சுற்றி, வலது பக்கம் வந்து நின்றாள். அப்படிச் சுற்றினாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. குனிந்து பார்த்து, எலுமிச்சம்பழத்தைக் காலால் ஒதுக்கினாள், அது கடகடவென்று கால்வாய் வரைக்கும் உருண்டு போயிற்று. சைடு ஸ்டாண்டை அவர் போய் விரித்தார். போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார், இடது பிடியைத் தொடவில்லை. திரும்பி வந்து குந்தினார். “நேராப் பிடிச்சிருக்கியா?” “பிடிச்சிருக்கேன்.” பிடியை இரண்டு கையாலும் மெல்ல மேலே தூக்கினார். இரும்பு கிறீச்சிட்டது. பின்சக்கரம் இறங்கி, இறங்கி, தரையைத் தொட்டது. தொட்ட சத்தம் கூட இல்லை. வழக்கமாக இறங்கும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், பிடிக்கிறவருக்குத் தோள் இறங்கும். குலுங்கவில்லை. “ஒண்ணும் கனமே இல்லப்பா” என்றாள் பார்கவி ஆச்சரியமாக. அவர் ஸ்டாண்டைப் பின்னால் இழுத்து எடுத்தார்.

சைடு ஸ்டாண்டின் கால் தரைக்கு இரண்டு விரல் மேலே நின்றது, வண்டி இன்னும் நேராக இருந்ததால். “விடட்டாப்பா?” என்று கேட்டாள் பெண். அதே சொல். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சின்ன வயதில் மாடியிலிருந்து கேட்டுக் கேட்டு வந்தது. “விடு” என்றார். அவள் இரண்டு கையையும் எடுத்து, ஒரு அடி பின்னால் போய், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். வண்டி இடப்பக்கமாகச் சாய வேண்டும், சாய்ந்து சைடு ஸ்டாண்டில் உட்கார வேண்டும், எந்த வண்டியும் அப்படித்தான். சாயவில்லை. இரண்டு சக்கரத்தில், யாரும் தொடாமல், நட்ட கம்பு மாதிரி நேராக நின்றது. பார்கவி துடைப்பதை நிறுத்தினாள். கேட்டுக்குப் பக்கத்தில் சுடலைமுத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உலகநாதன் குந்திய இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. குனிந்து பார்க்கவும் இல்லை. இந்தத் தடவை பயத்தினால் இல்லை, பார்த்தால் சொல்ல வராது என்று தெரிந்திருந்தது. “ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டேன்” என்றார். “போதும் வடிவு. விடு.”

வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. விழவில்லை, பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி யாரோ பார்த்துப் பார்த்துச் சாய்த்தார்கள். சைடு ஸ்டாண்டு தரையில் பட்டு டக்கென்றது. ஹேண்டில் பார் மட்டும், இடது பிடியில் இன்னும் ஒரு கை இருக்கிற மாதிரி ஒரு கணம் பொறுத்து, பிறகு தானாகத் திரும்பிக்கொண்டு நின்றது.